நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு இரண்டு வாண்டுகளோடு: போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்

அடுத்த மாதம் ஜெர்மனியில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்கப் போகிறோம். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு முடியப் போகிறது.

வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை விட்டால் போச்சு. சுற்றிக் காட்டுவது அரை மணி நேரம்தான், ஆனால் ஏறுவதற்கு 165 படி, இறங்குவதற்கு 181. தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை. முதுகில் மாட்டும் குழந்தைப் பையும் கூடாதாம். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிக்கு விடுகிறார்களா? எங்கள் ஆள் தூக்கினால் திமிறுவான். தானே ஏறுவான், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டு. பின்னால் வருகிறவர்கள் பாவம்.

போன வருடம் வேறொரு கோட்டையில் நடு அறையில் ஓவென்று அழுதான். வழிகாட்டி பேச்சை நிறுத்த, கூட்டமே திரும்பிப் பார்த்தது. அந்த மாதிரி ஆனால் பாதியில் வெளியே வர வழி உண்டா, இல்லை கடைசிவரை கூடவே நடக்க வேண்டுமா?

அப்புறம், கீழே ஊரிலிருந்து மேலே போக எது நல்லது? நடந்தால் அரை மணிக்கு மேல் ஏற்றம். குதிரை வண்டியும் பேருந்தும் வாசல்வரை போகாது என்கிறார்கள். மிச்ச தூரம் குழந்தைகள் நடக்கிற மாதிரி இருக்குமா?

மூத்தவள் இப்போதே ராஜாவின் நாற்காலியைப் பார்க்க வேண்டும் என்கிறாள். கோட்டையைக் கட்டிய ராஜா இரண்டாம் லுட்விக் 1886-இல் இறந்துவிட்டதால் அரியணை மண்டபத்தில் அரியணையே வைக்கவில்லை. இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.