ஸ்லாக்கா வாட்ஸ்அப்பா: 90 நாள் பஞ்சாயத்து

நூல்கண்டு: நேத்து ஒருத்தரு எழுதிருந்தாரு, வாட்ஸ்அப் குரூப்ல கம்பெனி ஓட்டறவங்க எல்லாம் இன்னும் பெட்டிக்கடைதான், ஆபீஸ் சாட்டுக்குன்னே இருக்கற ஸ்லாக் ஆப்புக்கு மாறுங்கன்னு. ஏனுங்க, திருப்பூர்ல பதினெட்டு வருசமா மெர்ச்சண்டைசிங் பாக்கறனுங்க, உங்க ஸ்லாக்கையும் போட்டுப் பாத்தாச்சு. காசு கட்டாத ஃப்ரீ பிளான்ல 90 நாளுக்கு முந்துன மெசேஜ் கண்ணுல படாது. எங்களுக்கு லேப் டிப்ல, அதாவது சாயம் முக்கிப் பாக்கற சாம்பிள் துணில இருந்து கன்டெய்னர் ஏத்தற வரைக்கும் நாலு மாசமாகும், கடைசில ஷேடு தகராறு வந்து, எந்த ஷேடுக்கு ஓகே சொன்னோம்னு ஆபீஸ் புள்ள போட்ட மெசேஜத் தேடுனா காணோம். பெட்டிக்கடைக்காரரு கூட கடன் நோட்ட 90 நாள்ல கிழிக்க மாட்டாருங்க.

பீளமேட்டான்: எழுதுனது நான்தானுங்க. காசு கட்டுங்க, 90 நாள் கணக்கே கெடயாது. 27.7 பில்லியன் டாலர் பேசி சேல்ஸ்ஃபோர்ஸ்ங்கற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி ஸ்லாக்க 2021ல வாங்கி முடிச்சது உங்களுக்கு ஓசில நோட்டு எழுதவா?

நூல்கண்டு: அவங்க டாலர் அக்கட்டால கெடக்கட்டும். 90 நாளா இல்லையா?

செக்கிங்அக்கா: எங்க பேட்டர்ன் மாஸ்டர் வேலைய விட்டு நின்னுட்டாருங்க. அளவு சார்ட் எல்லாம் அவரு குரூப்ல போட்ட போட்டோதான், நான் ஃபோன் மாத்துனதுல போச்சு. இப்ப தொட்டா டவுன்லோட் ஆகாம, அனுப்புனவர திருப்பி அனுப்பச் சொல்லுங்கன்னு வருது. அவரு பெருந்துறைல வேற கம்பெனில இருக்காரு.

நூல்கண்டு: அவரக் கூப்பிட்டா அனுப்புவாருங்க அக்கா. ஸ்லாக்க கூப்பிட்டா எடுக்குமா?

பீளமேட்டான்: இதுக்குத்தான் பெட்டிக்கடைன்னேன். ஞாயித்துக்கெழம கெடா விருந்துல உக்காந்திருக்கறப்ப மொதலாளி வாய்ஸ் நோட்டு, அதுக்குக் கீழ மாமா குட்மார்னிங் ரோசாப்பூ, அதுக்குள்ள பிஓ நம்பர், அதான் ஆர்டர் நம்பர். அப்பறம் ஸ்லாக்ல முன்ன 10,000 மெசேஜ்னு கணக்கு, 2022 செப்டம்பர்லதான் 90 நாள் ஆச்சு. நீங்க எப்பப் போட்டீங்க?

நூல்கண்டு: அப்ப 90 நாள்னு ஒத்துக்கறீங்க. 2024ல இருந்து ஃப்ரீல ஒரு வருசம் தாண்டுனத மறைக்கறது இல்ல, அழிச்சே போடறாங்க. அத ஏன் சொல்லல?

பீளமேட்டான்: ஃப்ரீல, ஃப்ரீல, ஃப்ரீல! தமிழ்தானுங்க எழுதறேன்?

ஈரோட்டுக்காரன்: எதுக்குங்க சண்ட, ஆபீஸ் சாட்டுக்கு நம்மூரு ஜோஹோ கம்பெனியோட க்ளிக் ஆப் இல்லியா.

பீளமேட்டான்: ஜோஹோ எப்பங்க ஈரோட்டுக்கு வந்துச்சு? சென்னை, தென்காசின்னு இருக்கறவங்க. மஞ்சளோட நிறுத்திக்கங்க.

ஈரோட்டுக்காரன்: மஞ்சளுக்கு 2019லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. நீங்க போயி உங்க கோயமுத்தூரு கிரைண்டர் சுத்துங்க.

பீளமேட்டான்: அந்த கிரைண்டர்லதான் உங்க வீட்டுல மாவு ஆட்டறாங்க.

நூல்கண்டு: பாத்தீங்களா, பேச்ச மாத்திட்டாரு. போன மாசம் பவர்டேபிள் தையல் கூலி பேசறப்பவும் இப்படித்தான் பதில் சொல்லாம நழுவுனாரு, நான் மறக்கலீங்க. ஐடில ஏசிக்குள்ள உக்காந்துட்டு, ஓவர்லாக் மிஷின் சத்தத்துல பட்டன் ஃபோன் வெச்சிருக்கற டெய்லருக்கு ஸ்லாக்ல சேனல், திரெட்டுனு பாடம் எடுக்கறது. எங்க ஊர்ல திரெட்டுனா நூலுங்க.

பீளமேட்டான்: பட்டன் ஃபோன்ல உங்க வாட்ஸ்அப் மட்டும் வந்து கொட்டுதாக்கும்?

நூல்கண்டு: சாயப்பட்டறைல இருந்து வண்டி வந்துருச்சாம், இறக்கிட்டு வாரேன். மெசேஜ் வாட்ஸ்அப்லதான் வந்துச்சு, குறிச்சு வெச்சுக்கங்க.

செக்கிங்அக்கா: அந்த சார்ட்டுக்கு யாராச்சும் ஒரு வழி சொல்லுங்க சாமி. நாளைக்கு கட்டிங்.

நூல்கண்டு: ஸ்லாக்ல போட்டிருந்தாலும் 90 நாள்தானுங்க அக்கா.