வாடகை ஜெராக்ஸ் மிஷின் மீட்டர் ஒன்று சொல்கிறது, விண்டோஸ் லாக் வேறு சொல்கிறது. எதை நம்புவது?

பனியன்_கணக்கு (திருப்பூர்):
வணக்கமுங்க. அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன், கம்ப்யூட்டர் தகராறு வந்தாலும் என் தலையில்தான். 14 சிஸ்டம், நெட்வொர்க்கில் ஒரு பெரிய வாடகை மிஷின். பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் அதில்தான். வாடகைக்காரர் மாதக் கடைசியில் வந்து மீட்டர் பார்த்து காப்பிக்கு 45 பைசா போடுவார். போன மாதம் 11,240 ஓடியிருக்கிறது என்கிறார். எல்லோரும் என் சிஸ்டத்தில் ஷேர் பண்ணின பிரிண்டர் வழியாகத்தான் அடிக்கிறார்கள், அதனால் விண்டோஸில் நடப்பதையெல்லாம் பதிந்து காட்டுகிற ஈவென்ட் வியூவரில் பிரிண்ட் சர்வீஸ் லாக்கை, அதாவது பிரிண்ட் பதிவேட்டை, போன மாதம் 1ஆம் தேதியே ஆன் பண்ணி வைத்துக் கூட்டினேன். 6,870தான் வருகிறது. மீதி 4,370 எங்கே போச்சு? பைல் பெயர் பார்க்கலாம் என்றால் எல்லா வரியிலும் "பிரிண்ட் டாக்குமென்ட்" என்றே இருக்கிறது. இது போதாதென்று, மிஷினின் ஐபி அட்ரஸை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், அதிலிருக்கும் ஜாப் லாக்கில் தினமும் விடியக்காலை 3 மணிக்கு ஏழெட்டு ஜெராக்ஸ். முதலாளி பார்த்துவிட்டு, வாட்ச்மேன்தான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். அந்தப் பெரியவருக்கு மிஷினை ஆன் பண்ணவே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

நொய்யல்கரை (கோவை):
முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்க. விண்டோஸ் லாக்குக்குத் தன் வழியாகப் போகிற பிரிண்ட் மட்டும்தான் தெரியும். கண்ணாடி மேல் தாளை வைத்துப் பச்சைப் பட்டனை அமுக்கினால் அது எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது, மிஷினுக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கேனும் அப்படித்தான். அப்புறம், எல்லோரும் உங்கள் சிஸ்டம் வழியாக அடிக்கிறார்கள் என்பது உறுதிதானா? லேப்டாப் வைத்திருப்பவர்கள் நேராக மிஷின் ஐபியைப் போட்டு 9100 போர்ட் (நெட்வொர்க்கில் பிரிண்டருக்கு நேராகப் போகிற வழி) மூலம் அடித்துக்கொண்டிருப்பார்கள், அது உங்கள் லாக்கில் வராது.

பைல் பெயர் வராததற்குக் காரணம், விண்டோஸ் தானாகவே அதை மறைத்து வைக்கிறது. விண்டோஸ் செட்டிங்கை மாற்றுகிற குரூப் பாலிசியில் பிரிண்டர்ஸ் பகுதிக்குப் போய், ஜாப் பெயரை ஈவென்ட் லாக்கில் காட்டு என்கிற பாலிசியை எனேபிள் பண்ணுங்க. இனிமேல் அடிப்பதற்குத்தான் பெயர் வரும், பழையதற்கு வராது. இன்னொரு விஷயம், லாக்கில் 307 என்கிற நம்பரோடு விழும் ஈவென்டில் (பதிவில்) யார், எந்த பிரிண்டர், எத்தனை பக்கம் என்று இருக்கும், எத்தனை காப்பி என்பது இருக்காது. அது 805இல். மூன்று பக்க பேக்கிங் லிஸ்டை 10 காப்பி போட்டதை மூன்று என்று கூட்டியிருந்தால் கணக்கு உதைக்கத்தானே செய்யும். அந்த லாக் பைலின் அளவும் முதலில் ஒரு எம்பிதான், நிறைந்ததும் பழசை அழித்து எழுதும். அளவைக் கூட்டி வையுங்க.

மஞ்சமண்டி (ஈரோடு):
வாட்ச்மேனை விட்டுவிடுங்க. மிஷினில் மணி என்ன காட்டுகிறது என்று முதலில் பாருங்க. 3 மணியோடு ஐந்தரையைக் கூட்டினால் எட்டரை. டைம் ஜோனை யாரும் தொடாமல் கிரீன்விச்சிலேயே விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் மண்டி ஆபீஸில் இதைவிட மோசம், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் மிஷின் 2000ஆம் வருஷத்துக்குப் போய்விடும், உள்ளே பேட்டரி செத்துப்போயிருந்தது. என்டிபி என்று நெட் வழியாக நேரம் வாங்குகிற ஒரு செட்டிங் இருக்கும், அதில் அரசாங்கத்தின் நேர சர்வரான samay1.nic.in கொடுத்துவிட்டால் கடிகாரம் தானே சரிபண்ணிக்கொள்ளும்.

லாக்கை மிஷினுக்குள்ளேயே விட்டு வைக்காதீங்க. சில மிஷினில் கடைசி சில நூறு ஜாப்தான் நிற்கும். மாதம் ஒருமுறை எக்செலில் திறக்கிற சிஎஸ்வி பைலாக இறக்கி வையுங்க, முடிந்தால் லாக்கை வேறு சிஸ்டத்துக்கு அனுப்புகிற சிஸ்லாக் வசதியை ஆன் பண்ணி 514 போர்ட்டில் ஒரு சிஸ்டத்துக்கு அனுப்புங்க. எவ்வளவு நாள் வைப்பது என்று கேட்பீர்கள். மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவில் லாக் எல்லாம் 180 நாள் இருக்க வேண்டும் என்கிறது, கம்பெனிகளையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. பிரிண்டர் லாக்கையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

கரூர்_தறி:
எல்லோரும் 45 பைசாவையே பேசுகிறீர்கள். பையர் அனுப்புகிற டெக் பேக்கை (துணியின் டிசைன், அளவு விவரம்) ஒருத்தர் ஸ்கேன் பண்ணித் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள் ப்ரோ? ஸ்கேன் டு மெயிலில் எந்த அட்ரஸ் வேண்டுமானாலும் டைப் பண்ணலாம் என்று விட்டிருந்தால் அடைத்துவிடுங்க, அட்ரஸ் புக்கில் இருப்பவருக்கு மட்டும் போகட்டும். ஆளுக்கொரு நாலு இலக்க யூசர் கோடு கொடுத்தால் ஜெராக்ஸ்கூட யார் பெயரில் என்று லாக்கில் விழும். எல்லோருக்கும் 1234 கொடுத்த ஆபீஸையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

வாடகை மிஷினைத் திருப்பி அனுப்பும்போது உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று கேளுங்க. எங்களுக்கு மாற்று மிஷின் என்று ஒன்று கொண்டுவந்து இறக்கினார்கள். ஆன் பண்ணி டாக்குமென்ட் பாக்ஸைத் திறந்தால் வேறு ஏதோ ஆபீஸின் சம்பளப் பட்டியல், பெயர் பெயராக. அன்றைக்கே எங்கள் பழைய மிஷின் எந்த ஊரில் இருக்கிறதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பனியன்_கணக்கு:
மஞ்சமண்டி அண்ணா, நீங்கள் சொன்னதேதான். மிஷினில் காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் 5.30 காட்டுகிறது. எட்டரைக்கு முதல் ஆளாக வருகிற கட்டிங் மாஸ்டர் லைன் வாரியாக அட்டெண்டன்ஸ் தாளை ஜெராக்ஸ் எடுத்து மாட்டுகிறார், அவ்வளவுதான். முதலாளியிடம் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் வாட்ச்மேனுக்கு டீயோடு ஒரு பன்னும் போனது.

நல்ல காலம், எங்கள் மிஷின் லாக்கில் போன மாதம் முழுக்க இருந்தது, இறக்கிவிட்டேன். ஜெராக்ஸ் மட்டும் 3,085. மெர்ச்சண்டைசர் இரண்டு பேர் லேப்டாப்பிலிருந்து நேராக அடித்தது 1,020. காப்பிக் கணக்கை என் லாக்கில் 805ஐ வைத்து மறுபடி பார்த்தேன், எங்கள் ஆட்கள் ஒற்றைக் காப்பியாகத்தான் போடுகிறார்கள், அதனால் 6,870 மாறவில்லை. ஆக இன்னும் 265 இடிக்கிறது. வாடகைக்காரரைக் கேட்டால் ஏ3 ஒன்று அடித்தால் மீட்டரில் இரண்டு விழும் என்கிறார். துணி வெட்ட அடையாளம் போடுகிற மார்க்கர் ஷீட்டை ஏ3யில் அடிப்பதுண்டு, அதனால் இருக்கலாம். ஆனால் அக்ரிமெண்டில் ஏ3 பற்றி ஒரு வரிகூட இல்லையே, இதற்கு நீங்கள் எல்லாம் எப்படிப் பில் கொடுக்கிறீர்கள்?