கோர்யோ அரச வம்சாவளி: வரைபடம் போடத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கொரியாவின் கோர்யோ அரச குடும்பத்துக்குத் தமிழில் ஒரு வம்சாவளி வரைபடம் தயாரிக்கிறேன். 918இல் அரசை நிறுவிய தேஜோ வாங் கொன்னுக்கு மனைவிகள் 29 பேர். அதைக்கூட வரைந்துவிடலாம். சிக்கல் அடுத்த தலைமுறையில்தான்.

அவர் மகன் குவாங்ஜொங், வேறொரு தாய்க்குப் பிறந்த தன் தங்கை தேமோக்கையே மணந்தார். அவர்கள் மகன் கியொங்ஜொங்குக்கு வாய்த்த அரசியரில் ஹொனே, ஹொன்ஜொங் இருவரும் உடன்பிறந்தவர்கள். தாய்வழியில் பார்த்தால் அவருக்கு மாமன் மகள்கள், தந்தைவழியில் பார்த்தால் தங்கை முறை! கணவர் 981இல் இறந்தபின் ஹொன்ஜொங், தன் தந்தைக்கு வேறொரு தாய் வழியில் சகோதரரான வாங் உக்குடன் உறவு கொண்டார். அந்தக் குழந்தைதான் 1009இல் அரியணை ஏறிய ஹியொன்ஜொங். அவருடைய மூதாதையர் வரிசையில் தேஜோ மூன்று இடங்களில் வருகிறார். போதாக்குறைக்கு ஹொன்ஜொங்கின் தந்தை பெயரும் வாங் உக்தான். சீன எழுத்தில் மட்டுமே வேறுபாடு தெரியும்.

ஒரே ஆளை மூன்று முறை எழுதாமல், கோடுகள் பின்னிக்கொள்ளாமல் வரைய எந்த மென்பொருள் சரிவரும்? தமிழ் எழுத்துரு உடையாமல் வர வேண்டும், இலவசமாக இருந்தால் நல்லது. இரண்டு வாங் உக்குகளையும் எப்படிப் பிரித்துக் காட்டலாம்? இறந்தபின் சூட்டிய தேஜொங், அன்ஜொங் என்ற பட்டங்களைப் போடலாமா என்று யோசிக்கிறேன். கொரிய மொழி அறிந்தவர்கள் பெயர்களின் தமிழ் உச்சரிப்பையும் திருத்தித் தந்தால் பேருதவி.