ஃபென்டனில் பேட்ச்சோடு மார்ஃபின் மாத்திரையும் கொடுக்கலாமா?

ஒயிட்ஃபீல்டு செல்வி:
அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. வலி குறைய நெஞ்சில் ஃபென்டனில் மருந்து பேட்ச் ஒட்டியிருக்கிறோம், வலி கூடினால் கொடுக்க மார்ஃபின் மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே வகை வலி மருந்து, மூச்சே நின்றுவிடும் என்று மாமா பயமுறுத்துகிறார்.

ராஜன், பெங்களூரு:
வழக்கமான முறைதாங்க. பேட்ச் தோல் வழியாக மெதுவாக இறங்கும், முதல் தடவை வலி அடங்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும், பெரும்பாலும் 72 மணிக்கு ஒருமுறை மாற்றுவார்கள். நடுவில் திடீரென்று குத்தும் வலிக்கு அது உடனே உதவாது, அதற்குத்தான் சீக்கிரம் வேலை செய்யும் மாத்திரை. ஆனால் மாமா பயமும் சும்மா இல்லை, இரண்டும் உடம்பில் சேர்ந்துதான் கணக்கு. நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை கூடவே கூடாது. எழுப்பியும் எழாமல், மூச்சும் மெதுவானால் உடனே ஆஸ்பத்திரி.

நர்ஸக்கா:
பேட்ச் மேல் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்தார்களா? இல்லையென்றால் வலியைவிட அதுதான் அவரைப் படுத்தும். அப்புறம், மாரத்தஹள்ளி பக்கம் கருணாஸ்ரயா என்ற பராமரிப்பு இல்லத்தில் முற்றிய புற்றுநோய்க்காரர்களைக் காசு வாங்காமல் பார்க்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒயிட்ஃபீல்டு செல்வி:
சரிக்கா. மலச்சிக்கல் மருந்து சீட்டிலேயே இல்லை, நாளைக்கே கேட்கிறேன்.