பிளெண்டர் பழக வீடியோ போதுமா, புதியவர்களுக்கென்று கையேடு வேண்டுமா?

குழித்துறை டீச்சர்
லீவு நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 3டி பொம்மை செய்யும் பிளெண்டர் மென்பொருளும் படம் வரையும் கிரிட்டாவும் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை கை தவறி எச் விசையைத் தட்டிவிடுகிறாள். பாதி செய்த பொம்மை திரையில் இல்லை. ஆல்ட்டையும் எச்சையும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வந்துவிடும். ஆனால் பொம்மை அழியவில்லை, ஒளிந்துதான் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாதே, மேனுவலில் எதைத் தேடுவாள்? கிரிட்டாவில் ஈ அழுந்திவிட்டால் பிரஷ் அழிப்பானாக மாறிவிடும். உடனே "பேனா கெட்டுப்போச்சு மிஸ்" என்று வந்து நிற்பார்கள்.

பிளெண்டரின் சொந்த மேனுவல் பெரியது, நல்லது, காசும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்றுதான் அது சொல்கிறது. எந்தப் பொத்தான் என்றே தெரியாமல் முழிப்பவர்களுக்கு ஒன்று வேண்டாமா? தமிழில் எழுதலாம் என்று இருக்கிறேன். திட்டுவதானாலும் திட்டுங்கள்.

மார்த்தாண்டம் ஃப்ளெக்ஸ்
திட்டத்தான் வந்தேன் டீச்சர். போர்டு டிசைன் செய்யும் கோரல்டிராவை நான் படித்தது முதலாளி முதுகுக்குப் பின்னால் நின்று. திருவிழா சீசனில் விடிய விடிய வேலை, கண் பார்த்ததைக் கை செய்தது. வர்மத்தை ஆசானிடம் நின்று படிப்பார்களா, ஓலையைப் பார்த்துப் படிப்பார்களா? ஆசான் இல்லாதவனுக்கு இப்போது யூடியூப் இருக்கிறது. நீங்கள் எழுதி முடிப்பதற்குள் அடுத்த வெர்ஷன் வந்துவிடும். அப்புறம் அந்தக் கையேட்டில் வடை மடிக்கலாம்.

கோட்டாறு பையன்
அண்ணே, ஆசான் வீட்டுப் பெட்டியில் சுவடியும் இருக்குமே!

வெர்ஷன் மாறினால் வீடியோ மட்டும் தப்புமா? 2019 ஜூலையில் பிளெண்டர் 2.8 வந்தபோது திரையே வேறு மாதிரி ஆனது. அதுவரை வலது கிளிக்கில் தேர்ந்தெடுத்ததை இடது கிளிக்குக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தைய வீடியோக்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. எழுத்தென்றால் ஒரு வரியைத் திருத்தலாம், வீடியோவில் யார் திருத்துவார்கள்?

அடுத்தது லேப்டாப். வீடியோவில் "நம்பேடில் 1 அழுத்துங்கள், முன்பக்கம் தெரியும்" என்பார். என் லேப்டாப்பில் வலது ஓரத்து எண் விசைகளான அந்த நம்பேடே இல்லை. மேல்வரிசை 1ஐ அழுத்தினால் முன்பக்கம் வராது, வேறு ஏதோ நடக்கும். பிரிஃபரன்ஸில் இன்புட் பகுதிக்குப் போய் 'எமுலேட் நம்பேட்' டிக் செய்தால் சரியாகிவிடும். இதை நாற்பது நிமிட வீடியோவில் எந்த நிமிடத்தில் போய்த் தேட?

குளச்சல் ரெண்டர்
நான் 3டி வேலையே தொழிலாகச் செய்பவன், அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மேனுவலில் குறை இல்லை, திறந்து பார்க்காததுதான் குறை. ஒரு பொத்தான் மேல் மவுஸை வைத்து எஃப் 1 அழுத்துங்கள், அதற்கான பக்கமே திறக்கும். நெட் இல்லையென்றால் முழு மேனுவலையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

எளிய கையேடு என்று வருபவை எல்லாம் "இதை அழுத்து, அதை அழுத்து" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும், காரணத்தைச் சொல்லாது. அப்படிப் படித்துவிட்டு வரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஷார்ட்கட் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார்கள், விளிம்பை மழுக்கும் பெவல் ஏன் கோணலாக வருகிறது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். படைப்பு மென்பொருள் கஷ்டமாகத்தான் இருக்கும், வேலை அப்படி. அதை எளிதாகக் காட்டுவது ஏமாற்று.

குழித்துறை டீச்சர்
தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கோணல் பெவலைத்தான் நான் முதல் பாடமாகவே வைத்திருக்கிறேன்.

மாத்தூர் தொட்டிப்பாலம், உயரத் தூண்கள் மேல் கால்வாய்த் தண்ணீர் போகும் பாலம். பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது மேலே நடந்து போயிருப்பார்கள், கீழே பார்க்கப் பயந்தும் இருப்பார்கள். பிளெண்டர் திறந்ததும் வரும் கனசதுரத்தை எஸ், இசட் என்று அழுத்தி உயரமாக இழுத்தால் ஒரு தூண். ஒன்றையே பலவாக அடுக்கும் அர்ரே மாடிஃபையர் போட்டு எண்ணிக்கையை 28 என்று கொடுத்து, ஒட்டி நிற்காதபடி இடைவெளியையும் கூட்டினால் தூண்கள் முழுவதும் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் கை தட்டும் இடம் அது. அடுத்து விளிம்பை மழுக்கப் பெவல் போடச் சொல்வேன். அகலத்தில் சரியாக இருப்பது உயரத்தில் நீண்டு அசிங்கமாக வரும். வேண்டுமென்றேதான் அங்கே கூட்டிப்போகிறேன். நாம் இழுத்த அளவு பொருளின் மேல் ஒரு குறிப்பாக மட்டுமே இருக்கிறது, பிளெண்டர் உள்ளே இன்னும் பழைய கனசதுரத்தைத்தான் வைத்து மழுக்குகிறது என்று அப்போது சொன்னால் மண்டையில் ஏறும். கன்ட்ரோலும் ஏவும் அழுத்தி ஸ்கேல் கொடுத்தால் சரியாகிவிடும். காரணம் சொல்லவில்லை என்று இனி சொல்லாதீர்கள்.

எஃப் 1 நல்ல வசதிதான். ஆனால் மவுஸ் வைக்க ஒரு பொத்தான் வேண்டுமே. பொம்மை காணாமல் போனவள் எதன் மேல் வைப்பாள்?

வெர்ஷன் பயத்துக்கும் வழி இருக்கிறது. எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவு என்று வரும் வெர்ஷனை இரண்டு வருடம் பராமரிக்கிறார்கள், கையேட்டை அதற்கு மட்டும் எழுதினால் போதும். அவர்கள் மேனுவலே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் இருக்கிறது. மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் வேண்டிய பகுதியை எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

குளச்சல் ரெண்டர்
பாலம் கொள்ளாம் அக்கா. ஆனால் அது நல்ல பாடம், நல்ல டீச்சர் இருந்தால். அதையே காகிதத்தில் போட்டால் பிள்ளை பெவல் வரை வருமா? 28 தூண் நின்றதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு மூடிவிடும். நான் இன்னும் மேனுவல் கட்சிதான்.

கோட்டாறு பையன்
ஸ்டேட்டஸ் வைக்கட்டுமே. மறுநாள் திறக்க அதுதானே ஆசை காட்டும்! ஒன்றும் வராமல் மூடியவன்தான் திரும்பி வர மாட்டான்.

மார்த்தாண்டம் ஃப்ளெக்ஸ்
டீச்சர், இப்போதும் எனக்கு வீடியோதான். பையன்களைப் புத்தகத்தோடு உட்காரவைத்தால் என் கடை ஓடாது. ஆனால் எழுதத்தான் போகிறீர்கள் என்றால் பிளெண்டரோடு நிறுத்தாதீர்கள்.

கடைக்கு வரும் தலைவலி இரண்டு. இங்க்ஸ்கேப்பில் கல்யாண போர்டு செய்து அப்படியே எஸ்விஜி கோப்பை அனுப்புகிறார்கள். அந்த எழுத்துரு என் கம்ப்யூட்டரில் இல்லை, மாப்பிள்ளை பெயர் வேறு எழுத்தில் வந்து வரியே சரிகிறது. கொடுப்பதற்கு முன் பாத் மெனுவில் எழுத்தை வடிவமாக மாற்றும் 'ஆப்ஜெக்ட் டூ பாத்' கொடுக்க வேண்டும், திருத்துவதற்கு ஒரு நகலும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் போட்டோ திருத்தும் ஜிம்ப். 2012இல் வந்த 2.8இலிருந்து சேவ் கொடுத்தால் ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் மட்டும்தான் வரும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட். அது தெரியாமல் எக்ஸ்சிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "திறக்கவில்லையா அண்ணே?" என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வருகிறது.

இந்த இரண்டையும் முதல் பக்கத்தில் போடுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் ஏ3யில் அடித்துக் கடை வாசலில் ஒட்டுகிறேன், காசு வேண்டாம்.