மணக்குடிப் பொழியில் கொடுவாவுக்கு ஜிக்: எங்கள் வீட்டுக் குழுவில் நடந்த பேச்சு

*குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்*
*வியாழன் மாலை*

(பொழி என்றால் ஆறு கடலில் சேரும் முகம்; மணக்குடிப் பொழி கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஜிக் என்றால் தூண்டில் முள்ளோடு ஈயத் தலை சேர்ந்த போலி இரை; அதில் ரப்பர் மீனை மாட்டுவோம்.)

நான்: மாமா, பழையாற்றில் தண்ணீர் கூடி மணக்குடிப் பொழி திறந்துவிட்டது என்கிறார்கள். சனிக்கிழமை கொடுவாவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். 40 கிராம் ஜிக் வாங்கி வைத்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

நான்: [படம்]

முட்டம் மாமா: 40 கிராம் எதுக்கு மக்கா? அது பாறையில் நின்று பாரை மீனுக்கு வீசுகிற எடை. பொழிக்குள்ளே ஆகாது.

பாஸ்டன் அண்ணன்: நான்தான் சொன்னேன் மாமா. இங்கே அமெரிக்காவில் கேப் காட் கால்வாயில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்கிற மீன் பிடிக்க 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம் வரைக்கும் போடுகிறோம். மான்வால் மயிர் கட்டிய ஜிக். அதைவிடக் குறைத்தால் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், அடியைத் தொடாது.

முட்டம் மாமா: உன் கால்வாய்க்கு அது சரிதான். கணக்கு எங்கேயும் ஒன்றுதான்: தரையைத் தொடுகிற எடைகளில் எது குறைவோ அதைப் போடணும். மணக்குடியில் ஓட்டம் இல்லாத நேரம் 7 கிராம் போதும். வற்றம் இழுக்கும்போது, அதாவது கடல் இறங்கித் தண்ணீர் வெளியே ஓடும்போது, 10, 14. பொழிமுகத்தில் தண்ணீர் பாய்ந்து வெளியேறும்போது 21. அதுக்கு மேலே நான் போடமாட்டேன்.

நான்: எடை கூடினால் தூரமாக விழுமே மாமா?

முட்டம் மாமா: தூரமாக விழுந்து என்ன செய்ய? கொடுவா நடுக்கடலிலா நிற்கிறது? மணக்குடிப் பாலத்துத் தூண் பக்கத்தில் நிற்கும். தூணில் தண்ணீர் மோதிப் பிரிகிற இடத்துக்குப் பின்னால் ஓட்டம் தணிந்திருக்கும். அங்கே ஓட்டத்தைப் பார்த்து முகம் வைத்துக்கொண்டு, மடவைக் குஞ்சும் இறாலும் மேலேயிருந்து வரட்டும் என்று காத்துக் கிடக்கும். நீ தூணுக்கு மேல்பக்கம் போட்டு, ஓட்டத்தோடு அதன் வாய்க்கு நேராக இறங்கவிடணும்.

முட்டம் மாமா: இன்னொன்று. இதைத்தான் பையன்கள் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். கொடுவா கடிப்பது நீ இழுக்கும்போது இல்லை, ஜிக் விழும்போது. பத்தில் எட்டுக் கடி விழும்போதுதான். கனம் கூடினால் சடாரென்று போய்ச் சேற்றில் குத்திவிடும், மீனுக்குப் பார்க்கவே நேரம் இருக்காது. குறைந்த எடை என்றால் வாலை ஆட்டிக்கொண்டு சாய்ந்து இறங்கும். அந்த ரெண்டு மூன்று வினாடிக்காகத்தான் நாம் விடியக் காலையில் எழுந்து போகிறோம்.

பாஸ்டன் அண்ணன்: இங்கேயும் அப்படியேதான். விழும்போது நூலைத் தொங்கவிட்டால் கடியே தெரியாது.

முட்டம் மாமா: ஆமா. ஜிக் தண்ணீரில் விழுந்ததும் ரீலை மூடு. கம்பு நுனியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, ஜிக் இறங்க இறங்க நுனியையும் கூடவே இறக்கு. நூல் விறைப்பாகவும் இருக்கக்கூடாது, தொய்வாகவும் இருக்கக்கூடாது. கண்ணை நூல் தண்ணீரில் நுழைகிற இடத்தில் வை. தரை தட்டினால் நூல் லேசாகத் தளரும். அப்போது இடுப்பு உயரத்தில் இருக்கிற நுனியை நெஞ்சு உயரத்துக்கு ஒரு தூக்கு, திரும்ப விடு. அவ்வளவுதான். தரை தட்டவேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே நூல் நின்றால், இல்லையென்றால் பக்கவாட்டில் நகர்ந்தால், அது மீன். யோசிக்காதே. தளர்ந்த நூலைச் சுற்றிக்கொண்டே கம்பைப் பக்கவாட்டில் இழு.

நான்: ‘டக்’ என்று தெரியும் என்று சொன்னார்களே?

முட்டம் மாமா: தெரியும், சில நேரம். கொடுவா கடித்துப் பிடிக்கிற மீன் இல்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். நூல் ஒழுங்காக இருந்தால் உள்ளங்கையில் ஒரு தட்டு. தொய்ந்திருந்தால் உறிஞ்சினதும் தெரியாது, துப்பினதும் தெரியாது.

அம்மா: இப்போது தடைக்காலம் அல்லவா? போலீஸ் பிடிக்கப்போகிறார்கள்.

முட்டம் மாமா: அது விசைப்படகுக்கு அக்கா. நம்ம மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. கரையில் நின்று தூண்டில் போடுகிறவனுக்கு இந்தத் தடை இல்லை.

அத்தை: தடை இல்லை என்றாலும் பாறைக்கு மட்டும் போகாதே. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. காற்று பெரிதாக இல்லாத நேரத்தில் வருகிற கள்ளக்கடல் அது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

முட்டம் மாமா: அவள் சொல்வது சத்தியம். எங்கேயோ தெற்கே பெருங்கடலில் புயல் அடிக்கும், அந்த அலை நாட்கணக்கில் ஓடி வந்து இங்கே ஏறும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், ஒன்றும் தெரியாது. கடல் நிலையைச் சொல்கிற இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் முட்டத்துப் பாறையிலோ கடியப்பட்டணத்துப் பாறையிலோ யாரும் கால் வைக்கக்கூடாது. அதுவும் இந்த ஆனி ஆடிக் கடலில் வேண்டவே வேண்டாம். அதனால்தான் பொழிக்குள்ளே என்கிறேன்.

நான்: சரி அத்தை, பாறைக்குப் போகமாட்டேன். மாமா, நூல் என்ன போட? ரீல் 4000, கம்பு 8 அடி.

முட்டம் மாமா: ரெண்டும் போதும். ரீலில் 20 முதல் 30 பவுண்டு பின்னல் நூல். நுனியில் ஒரு பாகம், அதாவது ரெண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் கட்டு; உரசலைத் தாங்குகிற முன்நூல் அது. இதில் கஞ்சம் பிடிக்காதே. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி. அது தலையைச் சிலுப்பும்போது பின்னல் நூல் உரசினால் ஒரு நொடியில் போச்சு. தூணில் ஒட்டியிருக்கிற சிப்பியும் அப்படித்தான் அறுக்கும்.

பாஸ்டன் அண்ணன்: லீடரைப் பின்னல் நூலோடு எஃப்ஜி என்கிற மெல்லிய முடிச்சில் சேர். கம்பு வளையத்தில் இடறாது. கட்டினதும் கையில் சுற்றி நன்றாக இழுத்துப் பார், வழுக்கினால் வீட்டிலேயே வழுக்கட்டும்.

நான்: டிராக், அதுதான் மீன் இழுத்தால் நூலை விடுகிற ரீல் பிரேக், எவ்வளவு வைக்க?

முட்டம் மாமா: நூலின் பலத்தில் கால் பங்கு. 30 பவுண்டு நூல் என்றால் மூன்று, மூன்றரை கிலோ. கை தராசைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து வை. மீன் மேலே துள்ளும்போது கம்பைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்த்து, நூல் தளரவிடாதே. காற்றில் தலையை உதறும்போதுதான் ஜிக் கழன்று போகும்.

நான்: நிறம்?

முட்டம் மாமா: கலங்கலில் கறுப்பும் பொன்னும். தெளிவில் வெள்ளை. நிறத்துக்காக ரொம்ப மண்டையை உடைக்காதே, ரப்பர் மீன் நாலு அங்குலத்துக்குள் இருந்தால் சரி.

பாஸ்டன் அண்ணன்: ஒரு விஷயம் சொல்லட்டுமா? இங்கே ஸ்ட்ரைப்டு பாஸ் 28 அங்குலத்துக்குக் கீழே இருந்தாலும் விடணும், 31 எட்டினாலும் விடணும். இடைப்பட்டது ஒரு நாளைக்கு ஒன்றுதான். பெரியது எல்லாம் பெரும்பாலும் பெண், முட்டை போடுகிறவை. அதனால்தான் மேல் வரம்பு.

முட்டம் மாமா: கொடுவா இன்னும் விசேஷம் மக்கா. எல்லாம் ஆணாகத்தான் முதலில் முதிரும். சில வருடம் கழித்து, ஒரு மீட்டரை நெருங்கும்போது பெண்ணாக மாறும். அப்படிப் பார்த்தால் பொழியில் நிற்கிற பெரிய மீனைப் பிடித்தால் முட்டைக்காரியைத்தான் பிடிக்கிறாய்.

அம்மா: அப்போ பெரியது கிடைத்தால் கொண்டுவரக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு ஆள் வருகிறதே!

முட்டம் மாமா: வலை போட்டு வயிறு கழுவுகிறவனிடம் நான் இதைச் சொல்லமாட்டேன் அக்கா. ஏலத்தில் ஒரு பெரிய கொடுவா அவன் வீட்டுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் இவனுக்குச் சம்பளம் இருக்கிறது. ரெண்டு கிலோ, மூன்று கிலோ மீன் குழம்புக்குப் போதும், ருசியும் அதில்தான். பெரியதை விட்டுவிடட்டும். பொழி திறந்திருக்கிற இந்த நேரத்தில் அது முட்டை போடக் கடல் பக்கம் இறங்கும். குஞ்சுகள் திரும்பக் கண்டல் மர வேருக்குள்ளே வந்து வளரும்.

அத்தை: அந்தப் பாலத்தையே சுனாமியில் கடல் எடுத்துப் போட்டது. புதுப் பாலம் வந்து அதன் தூணிலும் மீன் குடியேறிவிட்டது.

முட்டம் மாமா: விடுவதாக இருந்தால் தூண்டில் முள்ளின் நுனியில் இருக்கிற எதிர்முள்ளை இப்போதே இடுக்கியால் நசுக்கி வை. கரைக்கு வந்ததும் வாயில் தொங்கவிட்டு போட்டோ எடுக்காதே, தாடை பிய்ந்துவிடும். வயிற்றுக்கு ஒரு கை கொடு. தண்ணீரில் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடி, தானாக உதறிக்கொண்டு போகும்வரை.

முட்டம் மாமா: அறுந்த நூலை அங்கேயே போட்டுவிட்டு வராதே. பறவைக் காலில் சுற்றிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன், கண்கொண்டு பார்க்க முடியாது. மடித்துப் பையில் போடு.

நான்: சரி மாமா. நாளைக்கு 10ம் 14ம் வாங்கிவிடுகிறேன். நீங்கள் வருவீர்களா?

முட்டம் மாமா: வராமல்? சனிக்கிழமை விடியும்போது வற்றம் நன்றாக இழுக்கும். ஐந்தரைக்குக் கீழமணக்குடிப் பக்கம் நில். அந்த 40 கிராமையும் எடுத்துக்கொண்டு வா, கடல் தணிந்ததும் பாரைக்கு உதவும், நான் வைத்துக்கொள்கிறேன்.

அம்மா: ரெண்டு கிலோ மறக்காதே.