கேட் மேட்டில் வண்டி ஆஃப் ஆன அன்று: க்ளட்ச் பழகிய அனுபவங்கள்

ஒட்டன்சத்திரத்துக்காரி

பதினோரு வருசம் ஆச்சு. இன்னும் அந்த ரயில்வே கேட் மேடு மனசை விட்டுப் போகல, அதான் எழுதறேன்.

அவரோட ஸ்பிளெண்டர். கிரவுண்டுல ஒரு வாரம் சுத்தினேன், எட்டு போட்டேன், லைசென்ஸ் வாங்கினேன். சமதரையில நல்லாத்தான் ஓட்டுவேன். அன்னைக்குப் பையனைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு மார்க்கெட் பக்கம் போறேன், கேட் போட்டுட்டாங்க. நான் நின்ன இடம் தண்டவாளத்துக்கு ஏறுற சரிவு. ரெண்டு காலையும் ஊனி, முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

கேட் தூக்கினாங்க. பிரேக்கை விட்டாத்தான் ஆக்சிலேட்டர் முறுக்க முடியும், விட்டா வண்டி பின்னால உருளுது. பதறி இடது கையில பிடிச்சிருந்த க்ளட்ச்சைச் சட்டுன்னு விட்டேன், ஆஃப். மறுபடி ஸ்டார்ட் பண்ணி பயத்துல முறுக்கினேன், ஒரு குதி குதிச்சு மறுபடி ஆஃப். பையன் என் இடுப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். பின்னாடி தக்காளி லாரி, அதுக்குப் பின்னாடி பஸ், ஒரே ஹாரன்.

அப்ப அந்த லாரியிலேருந்து கிளீனர் பையன் குதிச்சு வந்தான். பதினெட்டு வயசு இருக்கும். டயருக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டையைக் கொண்டாந்து என் பின் சக்கரத்துக்கு அடியில வெச்சான். "இனி உருளாதுக்கா. மெதுவா விடுங்க."

உருளாதுன்னு தெரிஞ்சதும் கை நடுக்கம் நின்னுச்சு. லிவரைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். ஒரு இடத்துல இன்ஜின் சத்தம் இறங்குது, வண்டி முன்னால போகப் பார்க்குது. அந்த இடம் எதுன்னு முதல் தடவையா என் கைக்குத் தெரிஞ்சது. அங்கேயே நிறுத்தி ஒரு நூல் அளவு முறுக்கினேன், ஏறிடுச்சு. மறுபடி ஆஃப் ஆயிடுமோன்னு நிக்காமலே போயிட்டேன். ஒரு நன்றி கூடச் சொல்லல.

நாமக்கல் பயணி

எல்லாரும் மேடு ஏறுவதைச் சொல்கிறார்கள். எனக்கு இறக்கம்தான் பாடம்.

வண்டி வாங்கி இரண்டு மாதம். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஆஃப் ஆகாமல் ஏறிவிட்டேன், நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இறங்கும்போது இரண்டாம் கியரில் இன்ஜின் இரைந்தது பிடிக்கவில்லை. வண்டிக்கு வலிக்கிறதோ என்று க்ளட்ச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை மட்டும் மிதித்தபடி உருண்டு வந்தேன். இரைச்சல் அடங்கியது, காற்றுச் சத்தம் மட்டும். இதமாகக்கூட இருந்தது.

அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குச் சில வளைவுகள் முன்னால் கருகல் வாடை. பெடலை மிதிக்கிறேன், அது உள்ளே போகிறது, வேகம் குறையவில்லை. பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பை இழந்திருந்தது. எதிரே வளைவில் ஒரு பஸ்ஸின் முகப்பு தெரிந்த அந்த நொடிதான் இன்றும் தூக்கத்தில் வருகிறது. ஏன் என்று யோசிக்காமல் கை க்ளட்ச்சை விட்டது. பின் சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது, இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்தது, முன் பிரேக்கும் சேர்ந்தது. மலைப் பக்கத்து ஓடையோரம் போய் நின்றேன். அரை மணி நேரம் வண்டியைத் தொடவில்லை.

பழைய புல்லட்

முதலில் எழுதிய சகோதரி மன்னிக்க வேண்டும். கட்டை வைத்ததால் தப்பித்தீர்கள், ஆனால் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. மேட்டில் இரண்டு காலையும் ஊனக் கூடாது. இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். அப்போது வலது கை ஆக்சிலேட்டருக்கு முழுதாகக் கிடைக்கும். இதைச் சொல்லாமல் எட்டு போட மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நான் 1989-ல் புல்லட்டில் பழகியவன். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் நாளே கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்து விழுந்தேன், முழங்கையில் தழும்பு இருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் மைதானத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமலே க்ளட்ச்சை மெல்ல விடுங்கள். நூறு சிசி வண்டி ஐடிலிங்கிலேயே நடைவேகத்தில் நகரும். நகர ஆரம்பித்ததும் திரும்பப் பிடித்து நிறுத்துங்கள். ஐம்பது தடவை. எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதைக் கண் பார்த்துச் சொல்லாது, விரல்தான் சொல்லும். அதற்குப் பிறகே ஆக்சிலேட்டர். மணிக்கட்டைத் தாழ்த்தி வைத்தே பிடியுங்கள். மணிக்கட்டு மேலே தூக்கியிருந்தால், வண்டி குதிக்கும்போது உடம்பு பின்னால் போகும், கை தானாக இன்னும் முறுக்கிவிடும்.

பழகும் முன் லிவர் ஆட்டத்தைப் பாருங்கள். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிக்கு லிவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். கேபிள் இறுகியிருந்தால் க்ளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், தொய்ந்திருந்தால் கியர் கடகடவென்று விழும். பிறர் வண்டியில் பழகுகிறவர்கள் தங்கள் கை சரியில்லை என்று அழுகிறார்கள், பாதி நேரம் கேபிள்தான் காரணம். க்ளட்ச்சைப் பாதி விட்டு ஓட்டினால் உள்ளே இருக்கும் க்ளட்ச் பிளேட் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பிளேட்டுகள் ஆயிலில் ஊறியே சுழல்கின்றன, கிளம்பும் சில நொடி வழுக்கலை அவை தாங்கும். சிக்னலில் பத்து நிமிடம் அப்படியே நின்றால்தான் கேடு.

திருச்சி அப்பா

ஐயா சொன்ன "ஆக்சிலேட்டரைத் தொடாமலே" மைதானத்துக்குச் சரி. பழைய கார்புரேட்டர் வண்டியில ரெண்டு பேர் உக்காந்து, அதுவும் மேட்டுல, அது நடக்காது. அந்தப் பொண்ணு நின்னது மேட்டுலதான். அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஏன்னா நான் செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு.

என் மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பின் சீட்டுல நான். ரெண்டாம் நாள், க்ளட்ச்சைப் பிடிச்சபடியே பதட்டத்துல ரொம்ப முறுக்கிட்டா, இன்ஜின் அலறுது. நான் "விடு! விடு!"ன்னு கத்தினேன். நான் சொன்னது ஆக்சிலேட்டரை. அவ விட்டது க்ளட்ச்சை.

முன் சக்கரம் தூக்குச்சு. நான் பின்னாடி மண்ணுல விழுந்தேன், அவ வண்டியோட போய் வாலிபால் கம்பத்துல மோதினா. கையில எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில கட்டுப் போடும்போது, "நீங்க விடுன்னுதானேப்பா சொன்னீங்க"ன்னு கேட்டா. கோபமாக் கேட்கல, புரியாமத்தான் கேட்டா.

அவ சொன்னதைத்தான் செஞ்சிருக்கா. ஆறு வருசமா அந்தக் கேள்வி காதுல இருக்கு. அதுக்கப்புறம் என் தங்கச்சி மகனுக்குச் சொல்லிக்கொடுத்தப்ப "விடு"ங்கிற வார்த்தையையே எடுக்கல. "பிடி" மட்டும்தான். என்ன ஆனாலும் க்ளட்ச்சைப் பிடி, வண்டிக்குப் போற இழுப்பு நின்னுடும். என் மகள் இப்ப ஸ்கூட்டி ஓட்டறா. கியர் வண்டியைத் தொடல. நான் கேட்கவும் இல்ல.

நாமக்கல் பயணி

@திருச்சி அப்பா, இறக்கத்தில் அந்த "பிடி"தான் என்னைக் கொல்லப் பார்த்தது. அதையும் அந்தப் பையனுக்குச் சொல்லிவையுங்கள்.

@ஒட்டன்சத்திரத்துக்காரி, அந்தக் கட்டை என்ன ஆச்சு? அவன் எடுத்துக்கிட்டானா?

ஒட்டன்சத்திரத்துக்காரி

பழைய புல்லட் ஐயா சொன்னது சரி. பின் பிரேக் விசயம் எனக்கு யாரும் சொல்லித்தரல, ரெண்டு வருசம் கழிச்சு நானாத்தான் கண்டுபிடிச்சேன். இப்ப வர்ற சின்ன வண்டிகள்ல காலால மிதிச்சாலே முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்குது, மேட்டுல நிக்கறது இன்னும் சுலபம்.

கட்டையைக் கேட்டீங்க. தண்டவாளம் தாண்டினதும் கண்ணாடியில பார்த்தேன். குனிஞ்சு எடுத்துக்கிட்டு இருந்தான். அதுக்குள்ள லாரி நகர ஆரம்பிச்சிடுச்சு. கட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கதவுக் கம்பியைப் பிடிக்க ஓடினான். ஏறிட்டானான்னு பார்க்கறதுக்குள்ள பஸ் குறுக்க வந்திடுச்சு.